முப்பது மைக்ரான் இடைவெளி

அளவுகள் எழுதிய தாளை மைக்ரான் மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான், வீட்டில் அவளுக்கு விழுந்த பெயர். பேரிங் தொழிற்சாலையின் அளவுக்கூடத்தில் பதினேழு வருட வேலை. ஒரு வளையம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பிசகியிருந்தாலும் சிவப்பு மையால் கோடு கிழித்துத் திருப்பி அனுப்பிவிடுவாள். "சந்தேகப்படறதுக்குன்னே உனக்கு அங்க சம்பளம் கொடுக்கறாங்க. வீட்டுலயும் அதை இலவசமா செய்யாதேம்மா" என்று அவள் கணவர் கையெடுத்துக் கும்பிட்டது எத்தனை தடவை என்று கணக்கே இல்லை.

இன்று அவளுக்கு விடுப்பு. தம்பியோடு ஊருக்கு வெளியே இருக்கும் மாஸ்டரின் கூடத்துக்கு வந்திருந்தாள். பந்தயக் கார்களுக்கு இன்ஜின் கட்டுகிற இடம் அது. தம்பிக்காகக் கட்டி முடித்த இன்ஜினை எடுத்துப்போக வேண்டிய நாள்.

ஏன் புது இன்ஜின் என்று இந்தக் கதைக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர்கள் கேட்கலாம். தம்பியின் நீலக் காரை மற்றவர்களுக்கு நினைவிருக்கும். இரண்டே கதவு, டர்போ வைத்தது, பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிப்பது. இரண்டு மாதத்துக்கு முன்னால் பந்தயத் தடத்தின் கடைசி வளைவில் அதன் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் ஒன்று ஒடிந்து, இன்ஜின் பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வந்தது. கொட்டின எண்ணெயில் பின்சக்கரம் வழுக்கிக் கார் சுவரில் போய்ச் சாய்ந்தது. தம்பிக்குக் காறையெலும்பு இரண்டு துண்டு.

எலும்பு ஒட்டிவிட்டது. இன்ஜின் ஒட்டாது.

எலும்புக்குத் தகடு வைக்க டாக்டர் நாள் குறிப்பதற்கு முன்பே, கையைக் கழுத்தில் கட்டிய துணித்தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு மாஸ்டரிடம் வந்து ஆர்டர் கொடுத்துவிட்டான் தம்பி. அப்போதும் துணைக்கு வந்தவள் மைக்ரான்தான்.

"எப்படி இருக்கு, அக்கா?"

தம்பி இன்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்தான். குழந்தைகள் வார்டின் கண்ணாடிக்கு வெளியே நின்று எட்டிப்பார்க்கிற அப்பனைப் போல இருந்தது அவன் முகம். இரும்பு ஸ்டாண்டில் இன்ஜின் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே பிளாஸ்டிக் உறை, திறப்புகளுக்கெல்லாம் நீல மூடி, ஒவ்வொரு போல்ட் தலையிலும் முறுக்கிச் சரிபார்த்ததற்கு அடையாளமாக ஒரு மஞ்சள் கோடு.

"நல்லா இருக்கு" என்றாள். "ஆனா இந்தத் தாள்..."

"தாளை விடு. இன்ஜினைப் பாரு."

அவளுக்குத் தாளைத்தான் பார்க்கத் தெரியும். நாலு சிலிண்டருக்கு நாலு வரி. சிலிண்டரின் உள் விட்டம், பிஸ்டனின் விட்டம், இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. நாலிலும் இடைவெளி முப்பது மைக்ரான், ஒன்று முன்னே, ஒன்று பின்னே. கையெழுத்து அச்சடித்த மாதிரி. அளந்தவன் தெரிந்து அளந்திருக்கிறான்.

ஆனால் அங்கே முப்பது இருக்கக் கூடாது.

"மாஸ்டர், பிஸ்டன் இடைவெளி முப்பதுன்னு போட்டிருக்கே, சரிதானா?"

மாஸ்டர் ஐம்பதைத் தாண்டிய மனிதர். நகக்கண்ணில் கறுப்பு இல்லாத மெக்கானிக்கை மைக்ரான் இவரிடம்தான் முதல்முதலில் பார்த்தாள். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"சரிதாம்மா. மூணு தடவை அளந்தது."

"போன தடவை வந்தப்போ, ஃபோர்ஜ் பிஸ்டன்னா எண்பதுக்குக் கீழ விடவே மாட்டேன்னு சொன்னீங்களே?"

மாஸ்டர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். தம்பியைப் பார்த்தார். தம்பி இன்ஜினைப் பார்த்தான்.

அந்த ஒரு நொடியை மைக்ரான் மனதில் குறித்துக்கொண்டாள்.

"அக்கா, ஆரம்பிச்சுட்டியா?" என்றான் தம்பி.

"இல்லடா, கேளு. ஃபோர்ஜ்னா உலையில காய்ச்சி அடிச்சு செஞ்ச பிஸ்டன். அது சூட்டுல ஜாஸ்தி விரியும். அதுக்குத்தான் எண்பது விடறது. முப்பது தலைமுடியில பாதிகூட இல்ல. இந்த இடைவெளியில ஃபோர்ஜ் பிஸ்டனை ஓட்டினா பத்தாவது நிமிஷம் விரிஞ்சு சிலிண்டரைக் கவ்வும்."

"அப்போ மாஸ்டருக்குத் தெரியாது, உனக்குத் தெரியும்?"

"மாஸ்டருக்கு நல்லாத் தெரியும். அதனாலதான் கேக்கறேன். முப்பது விட்டிருக்கார்னா, உள்ள இருக்கறது ஃபோர்ஜ் பிஸ்டன் இல்ல. சாதா பிஸ்டன். பிஸ்டன் சாதான்னா ராடும் சாதாவாத்தான் இருக்கும். நீ கேட்ட இன்ஜின் இது இல்ல."

கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரஸர் அந்த நேரம் பார்த்து நின்றது. அவள் குரல் தேவைக்கு மேல் பெரிதாகக் கேட்டது. மூலையில் வேலையாக இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மாஸ்டரின் காது மடல் சிவந்தது. "இருபத்தாறு வருஷமா இன்ஜின் கட்டறேன்மா" என்று மட்டும் சொன்னார்.

"திறந்து காட்டிடுங்க. அரை மணி நேரம். பார்த்துட்டா எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் மரியாதை."

"இன்ஜின்ல வெச்ச சீல் உடைஞ்சா உத்தரவாதம் போயிடும்" என்றார் மாஸ்டர். மறுபடியும் தம்பியைப் பார்த்தார்.

"உடைக்க வேணாம், மாஸ்டர். லாரியில ஏத்துங்க."

"டேய்..."

"போதும், அக்கா." தம்பி அவளை ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். குரலை அடக்கிப் பேசினான். அடக்கியதால் இன்னும் சுருக்கென்று தைத்தது. "மூணு வருஷத்துக்கு முன்னாடி என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்து ஃபிரேமை எண்ணினே. நூத்தி நாப்பது குறையுதுன்னே. என் பார்ட்னர்தான் எடுத்தான்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொன்னே. அப்புறம் என்னாச்சு?"

மைக்ரான் கையிலிருந்த தாளை மடித்தாள்.

"கோடவுன்ல அலமாரிக்குப் பின்னாடி விழுந்து கிடந்துச்சு, நூத்தி நாப்பதும். மன்னிப்பு கேக்க நாலு தடவை அவன் வீட்டுக்குப் போனேன். கதவே திறக்கல. பள்ளிக்கூடத்துல இருந்து கூட வந்தவன், அக்கா. இன்னும் எத்தனை பேரை எனக்கு இல்லாம பண்ணப்போறே?"

அந்த நூற்று நாற்பது ஃபிரேம் இன்றைக்கும் அவள் நெஞ்சில் ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டுதான் இருக்கிறது. எண்ணிக்கை சரி. ஆள் தப்பு. அளவு சரியாக இருந்தாலே போதும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்ததெல்லாம் அன்றைக்குத்தான் உடைந்தது.

மரப்பெட்டியில் இன்ஜினை இறக்கி, மூடி வைத்து ஆணி அடித்தார்கள். தம்பி லாரியின் முன் இருக்கையில் ஏறிக்கொண்டான்.

"ஏறு, அக்கா."

"நீ போ. நான் பஸ்ல வரேன்."

அவன் வற்புறுத்தவில்லை. லாரி வாசலைத் தாண்டியதும் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பாவமாகப் பார்த்தானா, பயந்து பார்த்தானா என்று அவளுக்குப் புரியவில்லை.

*

"அம்மா, ஒரு நிமிஷம் உள்ள வாங்க."

மாஸ்டரின் அலுவலக அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவர் முழுக்கக் கோப்புகள். அவர் உட்காரவில்லை. ஒரு கோப்பை உருவி மேசையில் பொத்தென்று போட்டார்.

"உங்க தம்பி முன்னாடி வேண்டாம்னுதான் பேசாம இருந்தேன். ஆனா, நான் திருட்டு வேலை பண்ணினவன்னு நினைச்சுக்கிட்டு நீங்க இந்த வாசலைத் தாண்டறதை என்னால பொறுத்துக்க முடியாது. படிங்க."

தம்பியின் மெயில் முகவரியிலிருந்து வந்த கடிதம். அச்செடுத்து வைத்திருந்தார்.

"அண்ணா, ஃபோர்ஜ் பிஸ்டன், ஸ்டீல் ராட் எதுவும் வேண்டாம். கம்பெனியில் போடுகிற சாதாரண பாகங்களே போட்டுக் கட்டிக் கொடுங்கள். வேகமாகப் போகவேண்டிய அவசியம் இல்லை. வீட்டுக்கும் கடைக்கும் ஓடினால் போதும்."

"கேட்டதைக் கட்டினேன். விலையையும் அதுக்கேத்தபடி குறைச்சாச்சு" என்றார் மாஸ்டர். "உங்க முன்னாடி கெத்து குறையக் கூடாதுன்னு தம்பி மறைக்கறாரோ என்னவோன்னு நினைச்சுட்டு நானும் வாயை மூடிக்கிட்டேன். அவ்வளவுதான் நான் செஞ்ச தப்பு."

மைக்ரானுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "மன்னிச்சுடுங்க, மாஸ்டர்" என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் கடிதத்தின் மேல் மூலைக்குப் போய்விட்டது. பழக்க தோஷம்.

பதினாலாம் தேதி. பிற்பகல் இரண்டு பத்து.

பதினாலாம் தேதி பிற்பகல் இரண்டு பத்துக்குத் தம்பி ஆபரேஷன் மேசையில் மயக்க மருந்தில் கிடந்தான். தோளில் தகடு வைத்துக்கொண்டிருந்தார்கள். வராந்தா பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தம்பி மனைவி. தம்பியின் ஃபோன் தம்பி மனைவியின் மடியில்.

அதோடு இன்னொன்று. தம்பி இவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவான். பால்காரரிலிருந்து பேங்க் மேனேஜர் வரைக்கும் எல்லாரையும் அண்ணா என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அந்த வீட்டில் தம்பி மனைவிதான்.

"இதுக்கப்புறம் அவன் உங்ககிட்ட பேசினானா?"

"ஒரு தடவை. பத்து நாள் இருக்கும். தாள்ல பாகங்க பேரு எதுவும் எழுத வேண்டாம், அளவு மட்டும் போதும்னார்."

"அவன் குரல்தானா?"

மாஸ்டர் முதன்முறையாகச் சிரித்தார். "ஃபோன்ல வர்ற குரலை நான் எதை வெச்சும்மா அளக்கறது? ஆம்பளைக் குரல். உங்க தம்பி பேரைச் சொன்னார். ஏன், என்ன விஷயம்?"

அவள் அதற்குப் பதில் சொல்லாமல் வேறு கேட்டாள். "மாஸ்டர், இந்த இன்ஜின்ல பெரிய டர்போ மாட்டி ஓட்டினா தாங்குமா?"

"பெரிய டர்போவா? கூடவே கூடாது. கம்பெனி வெச்ச டர்போவுக்கு எத்தனை வருஷம் வேணாலும் ஓடும். அதுக்கு மேல காத்தைத் திணிச்சா ராட் வளைஞ்சு பிளாக்கைப் பொத்துடும். போன தடவை ஆன மாதிரியேதான் ஆகும்." அவர் முகம் மாறியது. "மாட்டப் போறாரா?"

தம்பி வீட்டு வரவேற்பறையில், சோபாவுக்குப் பக்கத்தில், ஒரு மாதமாக ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது. உள்ளே பெரிய டர்போ. ஞாயிற்றுக்கிழமை பந்தயத் தடத்தில் சுற்றுக்கு நேரம் அளக்கும் ஓட்டத்துக்குப் பெயரும் கொடுத்திருக்கிறான். இன்றைக்கு வியாழன்.

*

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் மைக்ரான் வெளியே ஒன்றையும் பார்க்கவில்லை.

தம்பிக்கு ஃபோன் செய்யக் கை பரபரத்தது. இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவையும் பைக்குள் போட்டுவிட்டாள். என்னவென்று சொல்வது? உன் பெண்டாட்டி உன் பெயரில் கடிதம் போட்டு இன்ஜினை மாற்றிவிட்டாள் என்றா? இன்னொரு நூற்று நாற்பது ஃபிரேமா? இந்தத் தடவை போகப்போவது சிநேகிதன் இல்லை, கட்டினவள்.

அளந்துவிட்டுத்தான் வாயைத் திறப்பது என்று முடிவு செய்துகொண்டாள்.

முடிவு செய்ததும் சந்தேகம் சும்மா இருக்குமா? இந்த இரண்டு மாதமாகத் தம்பி மனைவி நடந்துகொண்டதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டது. பந்தயம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறவள், இன்ஜின் எப்போது வரும் என்று மட்டும் வாராவாரம் கேட்டாளே, ஏன்? பணம் கட்டுகிற வேலையெல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இழுத்துப் போட்டுக்கொண்டாளே, எதற்கு? எல்லாவற்றுக்கும் மேலாக, தம்பியின் பெயரில் மாஸ்டரிடம் ஃபோன் பேசிய அந்த ஆம்பளை யார்? யாரை ஏற்பாடு செய்தாள்?

ஸ்கேன் சென்டர் வாசலில் இறங்கினாள்.

*

தம்பி மனைவி அங்கே எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தாள். அதுவே அவள் பெயராகவும் ஆகிவிட்டது. "ஒருத்தி மைக்ரான், ஒருத்தி எக்ஸ்ரே. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எங்கதான் ஒளியறது?" என்று தம்பி அடிக்கடி சொல்வான். சொல்லிவிட்டு அவனேதான் முதலில் சிரிப்பான்.

"என்ன அண்ணி, இந்த நேரத்துல? யாருக்கு என்ன?" எக்ஸ்ரே பதறிப்போய் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் யாருடைய முழங்கால் படமோ இருந்த உறை.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. தனியா பேசணும்."

படம் பார்க்கும் அறைக்குள் போனார்கள். ஜன்னல் இல்லாத சின்ன அறை. திரையில் ஒரு விலா வரிசை வெள்ளையாகத் தெரிந்தது. எக்ஸ்ரே அதை அணைத்துவிட்டு விளக்கைப் போட்டாள்.

மைக்ரான் சுற்றி வளைக்கவில்லை. "பதினாலாம் தேதி, ரெண்டு பத்துக்கு, அவன் ஃபோன்ல இருந்து மாஸ்டருக்கு மெயில் அனுப்பினது நீதானே?"

மறுப்பாள் என்றுதான் நினைத்தாள். மறுத்தால் அடுத்து என்ன கேட்பது என்றும் பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தாள்.

"ஆமா அண்ணி, நான்தான்."

அதற்குப் பிறகு என்ன கேட்பது என்று அவள் யோசித்திருக்கவில்லை.

எக்ஸ்ரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். "விபத்து நடந்த அன்னிக்கு அவரை இங்கதான் கொண்டுவந்தாங்க. டியூட்டியில நான்தான் இருந்தேன். வேற ஆளைக் கூப்பிடவான்னு கேட்டாங்க, நானே எடுக்கறேன்னுட்டேன். ஒரு நாளைக்கு நாப்பது பேரோட எலும்பைப் பார்க்கறவ நான். கை நடுங்கினதே கிடையாது. அன்னிக்கு அவரோட காறையெலும்பு திரையில வந்துச்சு. உடைஞ்ச முனை நுரையீரலுக்கு இவ்வளவு கிட்ட வந்து நிக்குது." கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காட்டினாள். நடுவே நகத்தின் அகலம்கூட இல்லை. "டாக்டர் அதிர்ஷ்டம்னார். இவர் படுத்த படுக்கையிலயே புது இன்ஜின் எப்ப வரும்னு கேக்கறார்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"உங்ககிட்டயா?" எக்ஸ்ரே நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. களைப்புதான். "தப்பா நினைக்காதீங்க அண்ணி. உங்ககிட்ட சொன்னா நாலு கேள்வி கேப்பீங்க, அப்புறம் அவர்கிட்ட நாப்பது கேப்பீங்க. வேகம் குறைஞ்ச இன்ஜினைப் போட்டுட்டா பந்தயத்துக்குப் போக மாட்டார்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

மைக்ரான் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். இனிச் சொல்லப்போவதை நின்றுகொண்டு சொல்ல அவளால் முடியவில்லை.

"கேளும்மா. இன்ஜின் மெதுவா போகும்னு உனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. உள்ள பலமான பாகம் இருக்குன்னு நம்பி அந்தப் பெரிய டர்போவை மாட்டுவான். ஞாயித்துக்கிழமை முழு வேகத்துல மிதிப்பான். இது தாங்காது. போன தடவை ஒடிஞ்சது மாதிரியே ஒடியும். மாஸ்டரே சொன்னார்."

எக்ஸ்ரேயின் கையிலிருந்த உறை நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கவும் தோன்றவில்லை அவளுக்கு.

"நான்... அவரைக் காப்பாத்தறதா நினைச்சு..."

"தெரியும்."

"எனக்கு இது தெரியாது அண்ணி. சத்தியமா தெரியாது."

"தெரியும்மா. நம்பறேன்." யாரிடமும் சுலபத்தில் சொல்லாத வார்த்தை. சொல்லிவிட்டு அவளே ஒரு கணம் நின்றாள். "இன்னும் ஒண்ணே ஒண்ணு. மாஸ்டருக்கு ஃபோன் போட்டு, தாள்ல பாகங்க பேரை எழுதாதீங்கன்னு யாரைப் பேசச் சொன்னே?"

"எந்த ஃபோன்?"

"பத்து நாள் முன்னாடி. ஆம்பளைக் குரல்."

"நான் யாரையும் பேசச் சொல்லல. எழுதினது அந்த ஒரு மெயில்தான். அனுப்பின கையோட அதையும் அழிச்சுட்டேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெளியே யாரோ கதவைத் தட்டி, அடுத்த நோயாளி காத்திருப்பதாகச் சொன்னார்கள். "அஞ்சு நிமிஷம் அண்ணா" என்று குரல் கொடுத்தாள் எக்ஸ்ரே. அந்த அண்ணாவைக் கேட்டு மைக்ரானுக்கு அந்த நிலைமையிலும் லேசாகச் சிரிப்பு வந்தது.

"அவனுக்கு ஃபோன் போடறேன்" என்றாள். "உன் பேரைச் சொல்லாம சொல்லப் பார்க்கறேன்."

மூன்றாவது மணியிலேயே எடுத்தான். பின்னால் சங்கிலி இழுபடும் சத்தம். பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

"டேய், அந்த இன்ஜினை மாட்டாதே. பெரிய டர்போவைக் கிட்டயே கொண்டுபோகாதே."

"மறுபடியுமா, அக்கா?"

"இந்தத் தடவை அளந்துட்டுத்தான் பேசறேன்டா. உள்ள இருக்கறது சாதா பாகம். எப்படித் தெரியும்னு கேக்காதே."

"கேக்கல. வெச்சுடவா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் எக்ஸ்ரே கையை நீட்டி ஃபோனை வாங்கிக்கொண்டாள். ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"நான்தான் பேசறேன். அண்ணி சொல்றது நிஜம். உங்க ஃபோன்ல இருந்து நான்தான் மெயில் அனுப்பி மாத்தச் சொன்னேன். ஆபரேஷன் அன்னிக்கு. என்னை என்ன வேணாலும் சொல்லுங்க, ஆனா ஞாயித்துக்கிழமை போகாதீங்க."

சங்கிலிச் சத்தம் நின்றது. அந்தப் பக்கம் யாரோ ஏதோ கேட்டார்கள். தம்பி அவர்களைப் பேசாமல் இருக்கச் சொல்வது கேட்டது.

"தெரியும்" என்றான்.

"என்ன?"

"நீ மாத்தினது எனக்குத் தெரியும். அனுப்பினதை அழிச்சே. சரின்னு மாஸ்டர் போட்ட பதில், கீழ நீ எழுதினதோட, சாயங்காலம் வந்துச்சு. அதை நான்தான் படிச்சேன்."

எக்ஸ்ரே சுவரில் சாய்ந்துகொண்டாள். இரண்டு மாதம். இரண்டு மாதமாக ஒன்றும் தெரியாதவன்போல, இந்த இன்ஜின் இப்படிப் பறக்கும், அப்படிப் பாயும் என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் கதை அளந்தானே, அதெல்லாம் என்ன?

மைக்ரான் ஃபோனுக்குக் கிட்டே குனிந்தாள். "அப்போ பாகங்க பேரை எழுத வேண்டாம்னு மாஸ்டர்கிட்ட சொன்னது?"

"நான்தான்."

"யாருக்குத் தெரியக் கூடாதுன்னு?"

அவன் குரலில் காலையில் இருந்த கோபம் இல்லை. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

"உனக்குத்தான், அக்கா."

ஃபோனை வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அணைத்தே வைத்துவிட்டான்.

பாகங்களின் பெயரை மறைக்கலாம். அளவுகளை எப்படி மறைப்பான்? அவை அவள் கண்ணில் படும் என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? மைக்ரானுக்கு விளங்கவில்லை.

எக்ஸ்ரே அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். "வாங்க அண்ணி" என்றாள். எப்போதும் முன்னால் நடந்தே பழகிய மைக்ரான் அவள் பின்னால் நடந்தாள்.

*

ஒர்க்‌ஷாப்புக்கு ஆட்டோவில் கால் மணி நேரம். இன்ஜின் மாட்ட நீலக் காரை அங்கேதான் விட்டிருந்தார்கள். வழியில் எக்ஸ்ரே, "தெரிஞ்சும் ஏன் ஞாயித்துக்கிழமைக்குப் பேரு கொடுத்தார்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

முற்றத்தில் மரப்பெட்டி இறக்கி வைக்கப்பட்டிருந்தது. மூடியில் அடித்த ஆணி ஒன்றுகூடப் பிடுங்கப்படவில்லை. ஒர்க்‌ஷாப்காரர் அதன்மேல் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"வாங்கக்கா. இப்பத்தான் கிளம்பினார். பத்து நிமிஷம் முன்னாடி."

"எங்க போனான்?"

"சொல்லல. யாரோ வந்து கூட்டிட்டுப் போனாங்க."

மைக்ரானின் பார்வை அவரைத் தாண்டிக் கொட்டகைக்குள் போனது. இரண்டு மாதமாக நீலக் காரைக் கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்தியிருந்த இடம் அது. தரையில் நாலு மரக்கட்டைகள் நாலு மூலையில் கிடந்தன. நடுவில் எண்ணெய்க் கறை. கறையின் மேல் தூசி படிந்திருந்தது. இன்று படிந்த தூசி இல்லை.

"கார் எங்க?" என்று கேட்டாள் எக்ஸ்ரே.

ஒர்க்‌ஷாப்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முதலில் சிரிக்கப் பார்த்தார். பிறகு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார்.

"காரா? அது போன வாரமே போயிடுச்சே, அக்கா. அவர்தான் நின்னு ஏத்தி அனுப்பினார். வீட்டுல சொல்லலையா?"